இல்லாத ரயில்வே கேட்

பிள்ளையை வேனிலிருந்து இறக்குவதற்கு முன், டிரைவர் தன் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைப் பின்பக்கமாகச் சாய்த்துக் கொடுப்பார். பிள்ளை அதில் முகம் பார்த்து மூக்கைத் துடைக்கும், முடியை ஒதுக்கும். "ராஜா மாதிரி இருக்க, எறங்கு" என்பார். பெண் பிள்ளையானாலும் ராஜாதான். ராணிக்கு அதிகாரம் கம்மி என்பது அவர் கட்சி.

பிள்ளைகளுக்கு அவர் வேன் மாமா. பள்ளிக்கூடம் லீவு விட்டால் மற்ற வேன்காரர்கள் வண்டிக்கு உறை போட்டுவிட்டுக் குறட்டை விடுவார்கள். இவருக்கு அப்போதுதான் தலைக்கு மேல் வேலை. பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டிக்கு லீவை ஆளுக்குப் பாதியாகக் கோர்ட் வெட்டிக் கொடுத்துவிடுகிறது. ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். அப்புறம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? "பிரிச்சு வைக்கிறது வக்கீலு, டெலிவரி நம்மளுது" என்று மீசையைத் தடவுவார்.

இரண்டு வீட்டிலும் அவரைக் குடைவார்கள். அங்கே ஏசி மாட்டியாச்சா, புதிதாக யாராவது வந்துபோகிறார்களா என்று. தான் ரோட்டைத்தான் பார்ப்பதாகச் சொல்லி நழுவிவிடுவார். வம்பு கறக்கலாமென்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்களுக்கு டீக்காசுதான் நஷ்டம்.

ஒரு விஷயத்தில் மட்டும் காலரைத் தூக்கிக்கொள்வார். "அழுதுக்கிட்டு ஏறுன புள்ள உண்டு. அழுதுக்கிட்டு எறங்குன புள்ள நம்ம வண்டியில கிடையாது."

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். அழுகிற பிள்ளையை 'அழாதே' என்று சொல்வதில்லை. விளையாட்டு மைதானத்து ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்குவார். ஏற்கெனவே பளபளவென்றிருக்கும் முன்கண்ணாடியைத் துணி போட்டுத் துடைப்பார், உள்ளே விசும்பல் ஓயும்வரை. அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வரும். "கேட்டு போட்டுட்டாங்க" என்பார். அந்த ஊரில் ரயில் தண்டவாளமே கிடையாது.

இந்த லீவில் அந்த இல்லாத கேட் ஏறக்குறைய அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டது. பள்ளிக்கூடத்தை முன்கூட்டியே திறப்பதாக அறிவித்துவிட்டார்கள். அவர் வண்டியில் வரும் ஒரு சிறுமியின் லீவில் முதல் பாதியை அம்மா அனுபவித்தாயிற்று. அப்பாவின் பங்குதான் தேய்ந்தது. அந்த அப்பா கண்ணாடிக் கடைக்காரர். மகளுக்காகக் கடையைச் சாத்திவிட்டு வீட்டு வாசலிலேயே நின்றார். மகளோ வண்டிக்குள் முழங்காலில் முகம் புதைத்து, தான் போய்விட்டால் அம்மா தனியாகச் சாப்பிட வேண்டுமே என்று தேம்பிக்கொண்டிருந்தாள்.

போன் மூன்றாம் தடவை அடித்தபோதும் கேட் மூடித்தான் இருந்தது. கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"எந்த ஊரு ரயிலுண்ணே அது? எனக்குக் கெடைச்சதே மிச்சம் மீதி, அதுலயும் கேட்டு போடுறீங்களா? அடுத்த லீவுக்கு நான் வேற வண்டி பாத்துக்கிறேன்."

சொன்ன கையோடு பைக்கை எடுத்துத் தேடிக் கிளம்பியவர், மைதானத்தருகே வேனைக் கண்டுபிடித்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். வேன் மாமா துணியை நிறுத்தவில்லை. தலையால் மட்டும் பின் ஜன்னலைக் காட்டினார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குலுங்கும் முதுகு தெரிந்தது.

"இப்படியே கொண்டாந்து உங்க வாசல்ல எறக்கட்டுமா தம்பி?" என்றார் வேன் மாமா, உள்ளே கேட்காத குரலில்.

கடைக்காரர் வண்டிக் கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். சத்தம் வரக்கூடாதென்று பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய் நின்றார்.

துணி இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. உள்ளே மூக்கு உறிஞ்சும் சத்தம் நின்றது. வேன் மாமா ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சாய்த்தார். அவள் வெகு நேரம் பார்த்தாள். கலைந்த முடியை எச்சில் தொட்டுப் படிய வைத்தாள்.

"ராஜா மாதிரி இருக்கேனா மாமா?"

"ராஜாவுக்கே அப்பன் மாதிரி இருக்க."

ஹார்னை ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு வண்டியை நகர்த்தினார். தெருமுனையில் பைக்கில் சாய்ந்து நின்ற கடைக்காரர் நிமிர்ந்தார். குறுக்கே நீட்டிய வலது கையை, கேட் திறப்பதுபோல், மெல்ல மெல்ல மேலே தூக்கினார்.