அத்தையின் நெற்றிப் பிளாஸ்திரி

பத்து வயதில் நான் ஒரு கண் டாக்டரின் வாழ்க்கையைக் கரைத்துக் குடித்திருந்தேன். மாரமங்கலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்க இருந்தது. திறப்பு விழாவில் பேசச் சொல்லி வாத்தியார் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டர் போன நூற்றாண்டுக்காரர். சீமையில் கண் வைத்தியமும் பார்த்து, அதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வந்தவர். மயக்க மருந்து வராத காலம். அவர் கண்ணில் கத்தி வைக்கும்போது அவரிடம் படிக்கிற மாணவர்கள் நான்கு பேர் நோயாளியின் கைகால்களை அமுக்கிப் பிடிப்பார்களாம். அந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும் என்பது வாத்தியார் உத்தரவு. ஒரு மாதம் வீட்டில் உயர்த்தினேன்.

எங்களோடு இருந்த அத்தை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். கண்ணில் புரை விழுந்து, பழத்தோடு பச்சைக்காயையும் உருவிப் போட ஆரம்பித்திருந்தாள். கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்தால்தான் அடுத்த பறிப்புக்கு வேலை என்று எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர் சொல்லிவிட்டார்.

முகாமில் என் பேச்சுக்கு நல்ல கைதட்டல். கொஞ்ச நேரத்தில் அத்தையின் வலது புருவத்துக்கு மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஏறியிருந்தது. ஆபரேஷன் செய்யவேண்டிய கண்ணுக்கு அது அடையாளம். பிளாஸ்திரிக்காரர்கள் எல்லாரும் மதியம் பஸ்ஸில் சேலத்துக்குப் போக வேண்டும்.

நான் பேசியது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான்கு பேர். அத்தையின் கைகால்கள். அவள் பெஞ்சில் கண்ணயர்ந்த நேரம் பார்த்துப் பிளாஸ்திரியை உரித்தேன். எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் என் நெற்றியிலேயே ஒட்டி, முடியை இழுத்து மூடினேன். டவுசரில் இரண்டு பைகள் இருந்தன என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பஸ் படியில் நர்ஸ் தடுத்தார். "உங்களுக்கு ஒட்டலைங்களே. ஊட்டுக்குப் போங்க."

"ஒட்டுனாங்க அம்மிணி. எங்கயோ உழுந்துருச்சு."

"எந்தக் கண்ணுன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எது தெரியலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? டாக்டரைக் கூப்புடுங்க. அதுவரைக்கும் இந்தப் படியிலயே நிக்கறனுங்க."

நின்றாள். பின்னால் வரிசை முனகியது. அந்த நேரம் பார்த்து மலைக்காற்று என் முடியைத் தூக்கிவிட்டது.

"இவனுக்கும் ஆபரேஷனா?" என்றார் நர்ஸ்.

நான்கு பேரும் என்னைத்தான் பிடிக்க வருகிறார்கள் என்று ஓட்டம் எடுத்தேன். இரண்டடிக்குள் அத்தையின் கை என் காலரில் இருந்தது. பாதிக் கண்ணோடு எப்படிப் பிடித்தாளோ.

"நாலு பேரு அமுக்குவாங்கன்னுதான சாமி உரிச்ச? ஒரு மாசமா நானுந்தான கேட்டுட்டு இருக்கறேன்."

முகாம் டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்துப் புதிதாக ஒட்டினார். துணைக்கு அப்பா ஏற்கெனவே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். இவனும் வரட்டும் என்று அத்தை என்னையும் ஏற்றினாள்.

அடுத்த பறிப்பில் அவள் கூடையில் ஒரு பச்சைக்காய்கூட இல்லை. ரைட்டரே கொட்டிப் பார்த்தார்.

அன்று பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும், என் மணிக்கட்டை அவள் விடவே இல்லை. விரல் அச்சு பதிகிற அளவுக்கு இறுக்கினாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக் கதவு மூடும்வரை அதே பிடி. நான் மறுபடி ஓடிவிடுவேன் என்று சந்தேகப்படுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். "நான் ஓட மாட்டேன், கைய வுடு அத்தை" என்று சேலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.