கண்ணாடிக் கடைப் பையனின் அப்பா

ஆலோசனை மையத்தில் அவளுக்குக் 'கரண்ட் அக்கா' என்று பெயர். மனநல ஆலோசகர் ஆவதற்கு முன்னால் மின்சார அலுவலகத்தின் புகார் கவுன்ட்டரில் பல வருடம் உட்கார்ந்திருந்தவள். கரண்ட் போனால் ஒரு மனிதன் எப்படிக் கத்துவான், பில் கூடி வந்தால் எப்படிக் கத்துவான், வீட்டில் கத்த முடியாததை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து எப்படிக் கொட்டுவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த நாற்காலியில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். குறுக்கே பேசக் கூடாது. பேசவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும், குரல் இறங்கும். குரல் இறங்கிய பிறகுதான் உண்மையான புகார் வெளியே வரும்.

ஒரு நாள் வயதான ஒருவர் வந்து பில்லை மேஜைமேல் ஓங்கி அடித்தார். "உங்க மீட்டர் ஓடவே இல்லம்மா! பில்லு பாதியா வந்திருக்கு!" பில் குறைந்ததற்காகச் சண்டைக்கு வந்த ஆளை அவள் தன் சர்வீசில் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கத்திக்கொண்டே இருந்தார், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "வீட்டுக்காரி போயிட்டா. அதுக்காக இவ்வளவா குறையும்?" என்றார். சிரித்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. "மீட்டர் சரியாத்தான் ஓடுது சார்" என்றாள் அவள். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வீடு வரும்வரை அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

அந்த வருடமே மாலைக் கல்லூரியில் உளவியல் படிக்கச் சேர்ந்தாள். நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில், மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓட்டி இடது காதைப் பறிகொடுத்தவர். வலது காதும் அரைகுறைதான். "வீட்ல இவ பேச்சைக் கேக்க ஆளில்ல, அதான் ஊரு பேச்சைக் கேக்கக் கிளம்பிட்டா" என்று நாத்தனார் சொன்னாள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, அதை அவர் காதருகே போய் இன்னொரு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, மறுநாளே அவளுக்குப் புத்தகப் பை ஒன்று வாங்கி வந்தார்.

மையம் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மனநல ஆலோசனைக்கு வருகிறோம் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காக, வண்டியே இல்லாதவர்கள்கூடக் கீழே நின்று டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நைசாகப் படியேறுவார்கள். டயர் கடைக்காரர் பழகிப்போய், "ஆபீஸ் மேலதான், போங்க" என்று தலையைத் தூக்காமலே சொல்வார்.

அவளுடைய அறையில் இரண்டு நாற்காலிகள் நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டிருக்கும். பேசுகிறவர் வேண்டும்போது அவள் முகத்தைப் பார்க்கலாம், வேண்டாதபோது ஜன்னலைப் பார்க்கலாம். காகிதக் கைக்குட்டைப் பெட்டி கை எட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அதை எடுத்து யாரிடமும் அவள் நீட்டமாட்டாள். நீட்டினால், போதும் அழுதது, துடைத்துக்கொள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். 'எல்லாம் சரியாயிடும்' என்ற வார்த்தை அந்த அறைக்குள் வந்ததே இல்லை. அறிவுரையும் இல்லை. தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, நேற்று சாயங்காலம் எப்படிப் போனது என்று சின்னச் சின்னதாகத்தான் கேட்பாள். பெரிய விஷயம் தானாகப் பின்னாலேயே வரும் என்பது அவளுடைய நம்பிக்கை. அது பெரும்பாலும் வந்தது.

கண்ணாடிக் கடைப் பையன் அப்படி வந்தவன்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை அவனுக்கு. இருபதைத் தாண்டிய வயது. முதல் நாளே அவள் கண்ணாடியைப் பார்த்து, "மேடம், இது ஒரு பக்கம் இறங்கியிருக்கு" என்று சொல்லி, வாங்கி நிமிர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு நெடுநேரம் பேசவில்லை. சில வாரம் கழித்து 'மேடம்' 'அக்கா' ஆனது. ருசி தெரியவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காலையில் கண் திறக்கும்போதே அலுப்பாக இருக்கிறது என்றான். "எல்லாருக்கும் பவர் போட்டுக் குடுக்கறேன்க்கா. எனக்கு மட்டும் எல்லாம் மங்கலாத்தான் தெரியுது" என்று சொல்லிச் சிரித்தான். மருத்துவரிடம் அனுப்பினாள், போனான். மாத்திரை சாப்பிட்டான். கொஞ்சம் தெளிந்தான்.

தெளிவோடு விபரீதத்துக்கான தெம்பும் வரும், அப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று அவள் படித்திருந்தாள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டாள். "செத்துப் போகணும்னு தோணுதா?"

"முன்னாடி தோணுச்சுக்கா. இப்ப இல்ல."

"மறுபடி தோணுனா?"

"உங்களுக்கு போன் பண்றேன். இல்லன்னா மச்சானுக்கு." தன் கூடப் பிறந்த அக்காவின் புருஷனைச் சொன்னான். நம்பர்களை அவள் எதிரிலேயே போனில் பதிந்துகொண்டான். அடுத்த வாரத்துக்கு நேரம் கேட்டு வாங்கினான். படியிறங்கும்போது டயர் கடைக்காரரிடம் ஏதோ பேசிச் சிரித்தது மாடிவரைக்கும் கேட்டது.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. மச்சான்தான் போன் செய்தார். "நீங்க தப்பா நினைக்காதீங்க, தகவல் சொல்லணும்னு தோணுச்சு" என்று ஆரம்பித்த அந்த மனிதரால் முடிக்க முடியவில்லை. அவன் அவளுக்கும் போன் செய்யவில்லை, மச்சானுக்கும் செய்யவில்லை.

மையத்தில் அவளுக்கு மேலே ஒரு மூத்த ஆலோசகர் இருந்தார். நரைத்த தலையும் பருத்திப் புடவையுமாக, யாரையும் 'நீ' என்றே கூப்பிடுகிற பெண்மணி. நடந்ததை ஒன்று விடாமல் கேட்டுவிட்டு, "நீ செய்ய வேண்டியது எல்லாமே செஞ்சிருக்க" என்றார்.

"ஆமாம்மா. எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். அதுதான் பயமா இருக்கு."

ஒரு தப்பு அகப்பட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பாள். எத்தனை முறை துழாவினாலும் ஒன்றும் அகப்படவில்லை. செய்ததெல்லாம் சரி, பையன் இல்லை. வீட்டில் சொல்லி அழலாம் என்றால் வீட்டுக்காரருக்குக் கத்திச் சொல்ல வேண்டும். பக்கத்து வீடுவரை கேட்கும். அறைக்குள் பேசியது அறையைத் தாண்டக் கூடாது. அவருடைய செவிட்டுக் காதுப் பக்கம் உட்கார்ந்து, அடங்கிய குரலில் ஒருமுறை முழுவதையும் சொல்லித் தீர்த்தாள். அவர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "ஏதாவது சொன்னியா?" என்றார். "ஒண்ணுமில்லங்க" என்று எழுந்துபோனாள்.

சில வாரம் போயிருக்கும். பையனின் அப்பா படியேறி வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தோள் அகலமாக, கை இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே விரிந்திருக்கும். டயர் கடையில் நிற்கவெல்லாம் இல்லை. நேராக வந்து, மகன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, அவன் என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"நான் டாக்டர் இல்லங்க. அவர் பேசினதை நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்க."

"அவனே இல்லயேம்மா. இன்னும் யாருக்காகப் பூட்டி வெச்சிருக்கீங்க?"

தொழில் விதி அப்படி என்றாள். அவர் எழுந்து போய்விட்டார். மறு வாரம் திரும்பி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கட்டணம் கட்டி, நேரம் வாங்கி, முறையாக வந்தார். அவள் தன் வழக்கப்படி சின்னதாக ஆரம்பிப்பாள். தூங்கினீர்களா என்பாள். "அதையெல்லாம் விடுங்க, அவன் என்ன சொன்னான்?" என்பார். ஒரு வாரம் திட்டினார். ஒரு வாரம் கெஞ்சினார். ஒரு வாரம், "சின்ன வயசுல கை நீட்டியிருக்கேன். அதச் சொன்னானா?" என்று கேட்டுவிட்டு அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிப்பு ஏறலன்னு நாலு பேரு முன்னாடி அவமானப்படுத்தினேன். அதச் சொன்னானா?" அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்தாள். அவள் முகம் காட்டாததையெல்லாம் அவர் ஆமென்று எடுத்துக்கொண்டார். குற்றங்களை ஒவ்வொன்றாகத் தோண்டிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். வாரா வாரம் ஆள் இளைத்துக்கொண்டே போனார்.

குறுக்கே பேசாமல் இருந்தால் குரல் இறங்கும் என்று நம்பியவள் அவள். இவர் குரல் இறங்கவே இல்லை. இறங்கியபோதும் அடியில் வேறு புகார் எதுவும் இருக்கவில்லை. அதே கேள்விதான் இருந்தது.

உண்மை என்னவென்றால், அத்தனை வாரத்தில் அந்தப் பையன் அப்பாவைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. வீட்டில் யார் யார் என்று கேட்டபோது, "அம்மா, அப்பா, நான். அக்காவைக் கட்டிக் குடுத்தாச்சு" என்றான். அவ்வளவுதான். அவனைத் தின்றுகொண்டிருந்ததற்கு ஒரு முகமும் இல்லை, பெயரும் இல்லை.

இந்த மனிதர் செய்யாத கொலைக்குத் தன்னைத் தானே தூக்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வார்த்தையில் இறக்கிவிடலாம். விதி பெரிதா, எதிரில் கிடக்கும் உயிர் பெரிதா? அன்றைக்கு அவர், "நான்தாம்மா காரணம், அத மட்டும் உங்க வாயால சொல்லிடுங்க, நான் போயிடறேன்" என்று கை கூப்பியபோது, அவளுக்குத் தாங்கவில்லை.

"நீங்க காரணம் இல்லங்க. அவர் உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணுமே சொல்லல."

"பின்ன என்ன சொன்னான்?"

"எதுவுமே சொல்லலங்க. உங்களைப் பத்திப் பேசவே இல்ல."

இறுக்கம் தளர்ந்து, மனிதர் அழுதுவிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அழவில்லை. கூப்பிய கை அப்படியே மடியில் விழுந்தது.

"ஒரு வார்த்தைகூடவா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"திட்டக்கூட இல்லையா?"

"இல்லங்க."

"அவ்வளவு நாளு வந்தானே. அப்பன்னு ஒருத்தன் இருந்ததே அவனுக்கு ஞாபகம் வரலையா?"

அந்த நாற்காலியில் குற்றவாளியாகவாவது உட்கார்ந்திருந்தவரிடமிருந்து அதையும் அவள் பிடுங்கிவிட்டாள். தான் செய்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்படி இல்லங்க" என்று என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அந்த நோய் யாரைப் பற்றியும் யோசிக்கவிடாது என்றாள். அன்பு இல்லை என்று அர்த்தமில்லை என்றாள். அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். "சரிம்மா, வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை.

அவள் மூத்தவரிடம் போய்ச் சொன்னாள். அவர், "சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"தெரியும்மா. ஆனா சொல்லாம இருந்தாலும் செத்துக்கிட்டுதானே இருந்தாரு?"

"ஆமா" என்றார் அவர். "ரெண்டும் உண்மைதான்."

சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, விதியை மீறியது மீறியதாகவே இருக்கட்டும் என்று ஒரு பகல் வேளையில் அவர் வீட்டுக்கே போனாள். பையனின் அம்மா கதவைத் திறந்தாள். உள்ளே கூடத்தில், சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. "ஏங்க, மாடி ஆபீஸ் அம்மா வந்திருக்காங்க" என்று அந்த அம்மாள் குரல் கொடுத்தாள். அவர் திரும்பவில்லை.

அவள் கிளம்பியதும், அந்த அம்மாள் செருப்பைக்கூட மாட்டாமல் தெருப்படிவரை கூடவே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "மொத மொதல்ல உங்ககிட்ட வந்தப்பல்லாம் அழுவாரு, சண்ட போடுவாரு. ஆனா பேசுவாரு. கடைசியா வந்துட்டுப் போனதுலருந்து ஒரு வார்த்த பேசலம்மா. சாப்பாடு வெச்சா சாப்பிடறாரு. எழுப்பினா எந்திரிக்கறாரு. அன்னைக்கு அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் பேசியதும் அந்த அறைக்குள் பேசியதுதான். அதையும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்று இப்போது அவளுக்கு நன்றாகவே தெரியும். "மருத்துவர் ஒருத்தரை அனுப்பறேன்மா" என்றாள். அனுப்பவும் செய்தாள். மருத்துவர் போனார், மாத்திரை எழுதினார். மாத்திரை சாப்பிடுகிறார், பேசுவதில்லை என்று பிறகு தகவல் வந்தது.

அவள் வேலையை விடவில்லை. விட்டுவிட்டு எங்கே போவது? இன்னும் சாய்ந்த நாற்காலிகளில் உட்கார்ந்து, தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். சிலர் தேறித்தான் போகிறார்கள். போன வாரம், கல்யாணம் முறிந்து வந்திருந்த ஒரு டீச்சர், "இப்பல்லாம் பரவாயில்லக்கா, ரொம்ப நாளைக்கப்புறம் நல்லா தூங்கினேன்" என்று சொல்லிச் சிரித்தாள். முன்பானால் அந்த மாதிரி வார்த்தையைக் கேட்டு வீடு போய்ச் சேரும்வரை அவளுக்கு மனசு குளிர்ந்திருக்கும். இப்போது கண்ணாடிக் கடைப் பையன் சிரித்துக்கொண்டே படியிறங்கியதுதான் நினைவுக்கு வந்தது. நல்லதுங்க என்றாள். பிறகு, கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாக, முறையாகக் கேட்டாள். டீச்சர் எல்லாவற்றுக்கும் சரியான பதிலைச் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு, அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

காலடிச் சத்தம் தெருவில் கலந்து மறையும்வரை அவள் ஜன்னலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குமேல் அவள் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.