குடை மறைத்த படம்

எங்கள் ஸ்டூடியோ முதலாளியின் கல்யாணப் படத்துக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண்தான் வந்தது. படங்களைப் பார்த்து மார்க் போடும் மென்பொருளைப் புதிதாக வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்று, அவர் முதலில் சோதித்துப் பார்த்தது அதைத்தான். கடைச் சுவரில் பல வருஷமாக மாட்டியிருந்த படம். மாலையும் கழுத்துமாக அவரும் அவர் மனைவியும் நிற்பார்கள். மனைவி எதற்கோ சிரித்துவிட்டதால் கண் பாதி மூடியிருக்கும். பின்னால் ஒருவர் தண்ணீர்ச் சொம்போடு குறுக்கே போய்க்கொண்டிருப்பார். அதை ஸ்கேன் செய்து கொடுத்ததும் மென்பொருள் யோசிக்காமல் பெயில் போட்டது. அடுத்து விளையாட்டாக, பேப்பர் தட்டு விளம்பரத்துக்கு எடுத்த ஒரு படத்தைக் கொடுத்தார். அது தொண்ணூறைத் தாண்டியது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கரெக்டாத்தான்மா போட்டுருக்குது. அந்த சொம்புக்காரன எனக்கும் புடிக்காது" என்றார்.

அவர் அப்படித்தான். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் ஃபிலிம் ரோலைக் கட்டிக்கொண்டு அழுத காலத்தில் கடன் வாங்கி டிஜிட்டலுக்கு மாறியவர். கல்யாண மண்டபத்துக்குள் ட்ரோன் பறக்கவிட்டு, மேடை அலங்காரத்துப் பூச்சரத்தை அறுத்துப் பெண் வீட்டாரிடம் திட்டு வாங்கியவர். அந்தக் காலம் போல வருமா என்று யாராவது பெருமூச்சு விட்டால் அவருக்குக் கோபம் வரும். நான் அவரிடம் ஆல்பம் டிசைன் செய்ய, முசரவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்தவள். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதில் எது ஆல்பத்துக்குப் போக வேண்டும், எது போகக்கூடாது என்று பொறுக்குவது என் வேலை. ஆகவே அந்த மென்பொருளை என் நாற்காலிக்கு வந்த ஆளாகவே பார்த்தேன். முதலாளி அதற்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்தார். தினமும் கடைக்குள் நுழையும்போதே, வாத்தியார் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே வருவார்.

வாத்தியார் சொன்னதையெல்லாம் கேட்டால் ஊரில் யாருக்கும் தாலி ஏறியிருக்காது. தாலி கட்டும் நேரத்தில் நான்கு பக்கமிருந்தும் அட்சதை வந்து விழும். பெண் தலையைக் குனிந்திருப்பாள், மாப்பிள்ளை கண்ணை இறுக்கிக்கொள்வான், நாத்தனாரின் கை பாதி முகத்தை மறைக்கும், ஹோமப் புகை வேறு. மென்பொருளுக்கு அது அத்தனையும் குறை. ஒரு முறை தாலி கட்டும் படங்கள் எல்லாவற்றையும் கழித்துப் போட்டுவிட்டு, ஐஸ்கிரீம் கப்போடு கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிய மாமன் மகனைப் பக்கம் பக்கமாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. நான் அதை முதலாளியிடம் காட்டி, இது யாருடைய கல்யாணம் என்று கேட்டேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஏனாத்தூர்க் கல்யாணம் ஒன்றில், கூட்டத்தின் ஓரத்தில் மணப்பெண்ணும் அவள் தோழியும் செருப்பைத் தேடிக்கொண்டு சிரித்த படத்தை நான் கவனிக்காமல் தள்ளிவிட்டிருந்தேன். வாத்தியார் அதை முதல் வரிசையில் வைத்தார். அந்த வீட்டில் அதையே ஆல்பத்தின் அட்டைக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். முதலாளி அதை ஒரு மாதம் சொல்லிக் காட்டினார்.

அந்த வருஷம் சித்திரையில் ஒரு மண்டபத்து மேடையிலிருந்து அவர் பின்னால் கால் வைத்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, செவிலிமேட்டு வீட்டில் கட்டிலோடு கிடந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் நடந்தே ஆக வேண்டும், இப்போது விட்டால் பிறகு எழுந்திருப்பது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதலில் ஒழுங்காகத்தான் நடந்தார். வைகாசி பிறந்து பெருமாள் கோயில் உற்சவத்துக்குக் கொடியேறியதும் ஆள் மாறிப்போனார். மூன்றாம் நாள் கருட சேவை. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட அவர் அதைத் தவறவிட்டதில்லை. விடியற்காலையில் கோபுர வாசலுக்கு எதிரே தெரிந்தவர் வீட்டு மாடியில் இடம்பிடித்து நிற்பார். நான் லென்ஸ் பையோடு பக்கத்தில் நிற்பேன். கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கருட சேவையில் என்ன வேலை என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, காபிதான் கொடுப்பார்கள்.

அந்த வருஷம் நான் மட்டும் போனேன். தெரு முழுக்கத் தலை. கருடன் மேல் பெருமாள் கோபுர வாசலுக்கு வந்ததும் எழுந்த சத்தத்தில் எனக்கு ஷட்டர் சத்தமே கேட்கவில்லை. வாசலில் வழக்கம்போலப் பெரிய குடைகளைச் சாய்த்துப் பெருமாளை ஒரு கணம் மறைத்தார்கள். விரல் பட்டனில் இருந்ததால் அப்போதும் எடுத்துக்கொண்டேதான் இருந்தேன். குடை விலகியதும் தீபாராதனை வெளிச்சத்தில் நல்ல படங்கள் கிடைத்தன. கடைக்கு வந்து எல்லாவற்றையும் வாத்தியாரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

இதற்கிடையில் செவிலிமேட்டிலிருந்து முதலாளியின் மனைவி போன் செய்தார். அன்று விடியற்காலையிலிருந்தே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம். வாக்கரைத் தொடவில்லை. பிசியோதெரபிக்கு வந்தவரையும் திருப்பி அனுப்பிவிட்டார். "ஒரு பேச்சும் இல்லமா. நான் இன்னா பண்றது?" என்றார். அவர் அழுதது எனக்குக் கேட்டது. எனக்கும் பயமாக இருந்தது. வாயாடி மனிதர் வாயை மூடினால் அதைவிடக் கெட்ட அறிகுறி இல்லை.

இரண்டு படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று வாத்தியார் முதல் மார்க் கொடுத்தது: பெருமாளின் திருமுகமும் நகைகளும் கருடனின் சிறகும் ஒரு குறையில்லாமல் தெரிந்தன. இன்னொன்று நான் தேர்ந்தெடுத்தது: கூட்டத்தில் ஓர் ஆள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட, அவர் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தை அவர் தலைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வாத்தியாரை இன்றைக்கு ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். முதலாளி முதல் படத்தைப் பார்த்து, சுத்தமாக வந்திருக்கிறது, காலண்டருக்குக் கொடுக்கலாம் என்றார். இரண்டாவதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். போட்டிக்கு அனுப்பு, பரிசு வரும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "வாசல்ல குடையால மறைச்சாங்களே, அத்த எடுத்தியா?"

எடுத்தேன், ஆனால் அதில் ஒன்றுமே தெரியாதே என்றேன். "அத்த கொண்டாமா" என்றார். அந்தத் தடவை அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

கடைக்குத் திரும்பிக் கழித்துப் போட்ட படங்களுக்குள் தேடினேன். இருந்தது. கீழே வாத்தியார் காரணமும் எழுதியிருந்தார்: முக்கியப் பொருள் மறைந்துள்ளது, முகம் இல்லை, வெளிச்சம் குறைவு. ஒவ்வொன்றும் உண்மை. படத்தில் சாய்ந்த வெள்ளைக் குடைகள், அவற்றின் ஓரத்துக் குஞ்சம், கீழே கூட்டத்தின் தூக்கிய கைகள், அவ்வளவுதான். கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாமா என்று கை பரபரத்தது. தொடாமல் அப்படியே பிரிண்ட் கொடுத்தேன்.

முதலாளி காலத்துக்குப் பிறகு இப்போது அந்தக் கடையை நானும் அவர் மனைவியும் நடத்துகிறோம். மென்பொருளும் நான்கைந்து முறை புதிதாகி, முன்னைவிடப் புத்திசாலியாக இருக்கிறது. தாலி கட்டும் படத்தைக் கழிப்பதில்லை. ஒரு படம் மனதில் நிற்குமா என்று அதனால் சொல்ல முடியுமா என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. எத்தனை பேர் நின்று பார்ப்பார்கள் என்று அது சொல்லும், பெரும்பாலும் சரியாகவே சொல்லும். யாருக்கு அது சாகும்வரை வேண்டும் என்று அதற்குத் தெரியாது. இதை நான் அடித்துச் சொல்வேன். படத்தின் நாலு மூலைக்குள் இருப்பதைத்தான் அது பார்க்கிறது. அன்றைக்கு நானும் அதைத்தான் பார்த்தேன். அதற்கு நகை தெரிந்தது, எனக்குக் குழந்தை தெரிந்தது. பார்க்கப் போகிறவர் யார் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. குடை முக்கியம் என்று நாளைக்குச் சொல்லிக்கொடுத்தால் அதுவும் கற்றுக்கொள்ளும், நான் மறுக்கவில்லை. ஆனால் செவிலிமேட்டில் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்பதை யாராவது ஒரு மனிதர் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்று சாயங்காலமே பிரிண்ட்டோடு திரும்பப் போனேன். மனைவி தலையணையை நிமிர்த்தி வைத்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். குடையின் விளிம்பை விரலால் தடவினார்.

"குடையால ஏன் மறைக்கறாங்கன்னு தெரியுமாமா உனக்கு?" என்று கேட்டார். சின்ன வயதில் கேட்டிருந்தேன், மறந்துவிட்டது என்றேன். அவர்தான் சொன்னார். சோளிங்கரில் ஒரு பக்தர் இருந்தாராம். வருஷம் தவறாமல் கருட சேவைக்கு வருகிறவர். ஒரு வருஷம் உடம்புக்கு முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். வர முடியவில்லையே என்று அவர் அழ, பெருமாள் இங்கே கோபுர வாசலிலிருந்து அந்தக் கணமே கருடன் மேல் அங்கே போய் அவருக்குக் காட்சி கொடுத்தார். அதனால்தான் இன்றைக்கும் வாசலில் ஒரு கணம் குடையால் மறைக்கிறார்கள். அந்த ஒரு கணம் பெருமாள் இங்கே இல்லை, வர முடியாதவரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று கணக்கு.

"அந்நேரம் நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். எல்லாரும் அங்க இருக்கறாங்க, நான் மட்டும் இங்க கெடக்கறனேன்னு அழுதுக்கினு இருந்தேன்" என்றார்.  மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, எழுந்து கட்டிலுக்கு எதிர்ச் சுவரைக் காட்டினேன். படுத்தபடியே பார்க்கலாம், இங்கே ஒரு ஆணி அடித்து மாட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இங்க வேணாம். ஹால்ல மாட்டு" என்றார். போர்வையை விலக்கிவிட்டு, மூலையில் கிடந்த வாக்கரை நோக்கிக் கையை நீட்டினார். "நான் வந்து பாக்கறேன்."