மூன்றடி உயர்ந்த வீடும் ஐந்து கட்டங்களும்

வீடு கட்டுகிறவர்களுக்குப் பால் காய்ச்சும் அன்று வேட்டி சட்டை கிடைக்கும், இடிக்கிறவர்களுக்குப் பழைய கம்பியும் கதவும் கிடைக்கும். இருக்கிற வீட்டை இருந்த இடத்திலேயே ஜாக்கி வைத்து மூன்றடி தூக்குகிற எங்களுக்கு ஏச்சு மட்டும்தான். கடலூரில் அப்படியொரு சின்ன கம்பெனியில் நான் ப்ராஜெக்ட் மேனேஜர். எந்தத் திட்டத்தின் ஆயுளுக்கும் ஐந்து கட்டங்கள் உண்டு என்று ஆன்லைனில் படித்துச் சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். கலர் சார்ட்டை நம்பிப் பிழைக்கும் சக ஜீவன்களே, சிதம்பரத்து சரோஜா டீச்சர் வீட்டில் அந்த ஐந்தும் என்னை என்ன பாடுபடுத்தின என்று கேளுங்கள்.

இலக்கு ஒரே வரியில்

டீச்சர் ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். வீடு கட்டிய காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போனார்களாம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படி கீழே இறங்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் தெருத்தண்ணீர் முழுக்க அவர் கூடத்தில்தான். போன மழைக்கு இரண்டு நாள் கட்டில்மேலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்று கழித்திருக்கிறார். இன்னொரு தடவை அப்படி உட்கார உடம்பில் தெம்பில்லை. மகன் வீட்டுக்குப் போக மனசில்லை.

துவக்கக் கட்டத்தில் வாடிக்கையாளரின் இலக்கை எழுதி வாங்க வேண்டும். படிவத்தில் பத்து வரி இடம் விட்டிருந்தேன். டீச்சர் கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வரி போதும்மா. ஐப்பசியில கட்டில்லேருந்து கால கீழ வெச்சா தரை இருக்கணும், தண்ணி இருக்கக் கூடாது."

சார்ட்டில் விட்டுப்போனவை

திட்டமிடலில் நான் கெட்டிக்காரி என்று பெயர். எந்த நாள் எந்த வேலை என்று ஏழு நிறத்தில் சார்ட் போட்டேன். டீச்சர் பார்த்துவிட்டு, "மொத ஜாக்கிய ஆடியிலயா வெப்பாங்க?" என்றார். சார்ட் அப்படியே ஒரு மாதம் நகர்ந்தது. மழை நகரவில்லை.

அடுத்த வீடு டீச்சரின் கொழுந்தனார் வேலுவுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு முருங்கை மரத்தை வெட்டிய தகராறில் அண்ணியும் கொழுந்தனாரும் பேச்சை நிறுத்தி எட்டு வருஷம். அந்தச் சுவரை டீச்சர் வீட்டோடு தூக்கிக்கொண்டு, வேலுவுக்குத் தனிச்சுவர் கட்டித் தருவதாகத் திட்டம். அதற்கு அவர் சம்மதம் வேண்டும். ஒரு மணி நேரம் சார்ட்டை விரித்து விளக்கினேன். கையெழுத்து போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டார்: "அவுங்க வீடு ஒசந்துட்டா அந்தத் தண்ணியும் சேந்து எங்க வீட்டுக்குத்தான வரும்? அதுக்கு இதுல எந்தக் கலரும்மா?"

இரண்டு விசில்

வேலுவின் வாசலிலேயே சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆவணியில் மூன்றாவதான செயல்பாட்டுக் கட்டத்தை ஆரம்பித்துவிட்டோம்.

அடித்தளத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இடையில் வரிசையாக ஜாக்கி சொருகினோம். மேஸ்திரி கலியபெருமாள் விசில் அடித்தால் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருப்ப வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சுவர் விரிந்துவிடும். எவ்வளவு சொல்லியும் டீச்சர் வெளியே வரவில்லை. உள்ளே ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் தெருமுனையில் மினி பஸ் கிளம்பியது. கண்டக்டர் விசில் அடித்தார். தெருப்பக்கம் நின்றவர்கள் திருப்பிவிட்டார்கள். கொல்லைப்பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. கூடத்துச் சுவரில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். ஓடிப்போய், இந்த நிறுத்தத்தில் மட்டும் விசில் வேண்டாமே என்று கண்டக்டரைக் கெஞ்சினேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "நா அடிக்கலன்னா பஸ் போவாது மேடம். உங்களுக்கு வீடு போவாம நின்னா நல்லதுதான, நீங்க அடிக்காதீங்க."

மேற்பார்வைக்கு ஆள் ஜாஸ்தி

மறுநாளிலிருந்து மேஸ்திரி விசிலை விட்டுவிட்டு டீச்சரின் எவர்சில்வர் தட்டைத் தட்டினார். கண்காணிப்புக் கட்டத்துக்குக் கம்பெனி என்னை ஒருத்தியைத்தான் போட்டிருந்தது. தெரு தன் செலவில் பத்துப் பேரைப் போட்டது, நாற்காலியோடு. வேலு மட்டும் உட்காரவில்லை. தினமும் காலையில் தன் மொட்டை மாடிக்கு வந்து, அண்ணி வீடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கிப் போவார்.

புரட்டாசி கடைசியில் மூன்றடி முடிந்தது. கீழே புதுச்சுவர் எழுப்பி, ஜாக்கிகளை உருவி, உள்ளே மண் நிரப்பித் தரையையும் உயர்த்தி, ஏறி இறங்கப் போட்டிருந்த பலகையையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். டீச்சர் பையோடு கீரை வாங்கக் கிளம்பினார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். சாக்கடைக் குழாய் முதல் மீட்டர் பெட்டி வரை என் சார்ட்டில் எல்லாம் இருந்தது, வாசல்படி இல்லை. அந்த உயரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நீ போட்ட கட்டமெல்லாம் சரி. நா எங்கம்மா கால வெக்கிறது?"

நிறைவுச் சான்று

இரண்டே நாளில் படி கட்டிக் கொடுத்துவிட்டு, பணி நிறைவுச் சான்றை நீட்டினேன். டீச்சர் வாங்கிக் காலண்டருக்குப் பின்னால் சொருகினார். "மழ வரட்டும், அப்புறம் கையெழுத்து." முதலாளி தினமும் என்னைக் கேட்டார். நான் தினமும் வானத்தைக் கேட்டேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலையில் டீச்சர் போன் செய்தார். எடுக்கவே பயமாக இருந்தது.

"தண்ணி வரலம்மா," என்றார். "தெருவே வந்துடுச்சு."

வேலு வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், டிவி, எதிர்வீட்டுக்காரர்கள், அவர்களுடைய இரண்டு ஆடு, எல்லாம் டீச்சர் கூடத்தில். எனக்குச் சந்தோஷமும் குற்ற உணர்வும் சேர்ந்தே வந்தன. மத்தியானம் டீச்சர் நிறைவுச் சான்றைப் போட்டோ எடுத்து அனுப்பினார். டீச்சர் கையெழுத்து இருந்தது. சாட்சி என்ற இடத்தில் வேலுவின் கையெழுத்து. உடனே போன் போட்டு, "கொழுந்தனாரோட பேசிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"நா எங்கம்மா பேசுனேன்? கதவத் தொறந்தேன், காபி குடுத்தேன், அவ்ளோதான்."

கடைசிக் கட்டத்தில் மழையிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று எழுதினால் பரீட்சையில் மார்க் கிடைக்காது. ஆனால் சிதம்பரத்தில் வேறு யாரிடம் வாங்கினாலும் செல்லாது.