வாடகைக்கு எடுத்த சாட்சி

என் காது குத்தலுக்கு அப்பா வரவில்லை. நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் தீர்ப்பாகாமல் கிடக்கும் ஒரே வழக்கு இதுதான். எனக்கு அப்போது ஒரு வயது. செகந்திராபாத்தில் ஒரு கோயில், காலை எட்டு மணிக்கு முகூர்த்தம். என்னை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் வேலூரிலிருந்து ரயிலில் வருகிறார். அவரை அழைத்துவரப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன அப்பா, பந்தியெல்லாம் முடிந்து இலை எடுத்த பிறகுதான் திரும்பினார். மாமா தானாகவே ஆட்டோ பிடித்து வந்து, என்னை மடியில் வைத்து அலறவிட்டு, கேசரியும் சாப்பிட்டு முடித்திருந்தார்.

அப்பாவின் தரப்பு இது. பிளாட்பாரத்தில் ஒரு தமிழ்ப் படத்தின் ஷூட்டிங். தமிழ் தெரிந்த, உயரமான ஆள் வேண்டும் என்று ஆறடி அப்பாவைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். கதாநாயகி, "இந்த வண்டி மெட்ராஸ் போகுமா?" என்று கேட்பாள். இவர் "போகாதும்மா" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை எடுக்க நாலு மணி நேரம் ஆனது.

அம்மாவின் தரப்பு இன்னும் சுருக்கம். நாச்சாரம் ஃபேக்டரி சிநேகிதர்களோடு ரம்மி ஆடப் போய்விட்டார். படம் ஹைதராபாத்துக்கு வரவேயில்லை. தமிழ்நாட்டிலும் வந்த வேகத்தில் பெட்டிக்குள் போய்விட்டதாம். எந்தக் கல்யாண வீட்டிலாவது அப்பா, "நான் நடிச்ச படத்துல" என்று ஆரம்பித்தால், "ஆமா, சீட்டுக்கட்டுல ராஜா வேஷம்" என்று அம்மா முடித்துவிடுவாள்.

அந்தப் படம் ஒரு ஆன்லைன் கடையில் வாடகைக்குக் கிடைப்பதைப் போன மாதம் நான்தான் கண்டுபிடித்தேன். படத்தின் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. அதை இங்கிலீஷில் எத்தனை விதமாகக் கொலை செய்யலாமோ அத்தனையும் தட்டிப் பார்த்த பிறகு, யாருக்குமே தோன்றாத ஒரு ஸ்பெல்லிங்கில் ஒளிந்திருந்தது. 'புதுப்பிக்கப்பட்ட அகலத்திரைப் பிரதி' என்று கடை பெருமைப்பட்டுக்கொண்டது. மாதாப்பூர் ஆபீசில், வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில், ஒரு கையில் தயிர்சாத டப்பாவோடு வாடகைக்கு எடுத்தேன்.

ஓடுகிறதா என்று பார்க்கப் பத்து விநாடி ஓடவிட்டேன். அது குற்றமாகிவிட்டது. எடுத்த படத்தை ஒரு மாதம் தொடாமல் வைத்திருக்கலாமாம். தொட்டுவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டுமாம். மணி அப்போது ஒன்று பத்து. கத்திரிக்காயை அமுக்கிப் பார்த்ததற்காக அன்றைக்கே சமைத்தாக வேண்டும் என்று எந்தக் காய்கறிக்காரராவது சொன்னால் கூடையை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். இங்கே கவிழ்க்க ஒரு தலையும் இல்லை.

வியாழன் சாயங்காலம் முழுவதும் டிவிக்கே போனது. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து மெயில் முகவரியை அடித்தேன். ஒரு புள்ளியை விட்டுவிட்டதால் மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் பாட்டு மட்டும் வந்தது, அதுவும் தெலுங்கில். திரை கன்னங்கரேலென்று இருந்தது.

"இது ரேடியோ பாப்பா. இதைக் கைக்கு வாடகைக்கு எடுத்தே?" என்றார் அப்பா. 'எதற்கு' என்பது அவர் வாயில் எப்போதும் ஹைதராபாத் 'கைக்கு'தான்.

கடையின் உதவிப் பக்கத்தில் ஒரு இயந்திரம் என் சிரமத்துக்கு வருந்தியது. டிவியை அணைத்துப் போடச் சொன்னது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் வருந்தியது. அதற்கு மேல் நான் அதனிடம் எழுதியதை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை என் மகள் ஸ்கூலிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல், டிவிக்கு ஏதோ அப்டேட் கொடுத்தாள். படம் தெரிந்தது. நாங்கள் ஹைதராபாத்தில் இருப்பதால் புதிதாகச் சேர்த்த தெலுங்கு டப்பிங்தான் எங்களுக்குப் புரியும் என்று கடை தானாக முடிவு செய்திருந்தது. ஆறு பட்டனுக்குப் பின்னால் பதுங்கியிருந்த தமிழையும் அவளே இழுத்து வெளியே போட்டாள்.

"ஸ்கிப் கரோ நா, தாத்தா" என்றாள், நேராக ஸ்டேஷனுக்கே தள்ளிவிடலாம் என்று.

"நக்கோ, வேணாம். படத்தைப் படமா பாக்கணும்" என்றார் அப்பா. நாற்பது வருடம் காத்திருந்தவருக்கு எழுத்து ஓடுவதிலிருந்து வேண்டியிருந்தது. பார்த்தோம். கதாநாயகனின் நெற்றி படம் முழுக்கத் தெரியவேயில்லை. அந்தக் காலத்துப் படம் சதுரம், டிவி அகலம். மேலேயும் கீழேயும் வெட்டியெறிந்துவிட்டுத்தான் புதுப்பித்ததாகப் பீற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா ஆறடி என்பது எனக்கு அப்போதே ஞாபகம் வந்தது. இடைவேளைக்குள் அப்பா தூங்கிவிட்டார். தூங்கவில்லை என்று சத்தியம் செய்தார். மிச்சத்தைச் சனிக்கிழமை காலைக்குத் தள்ளினோம்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஸ்டேஷன் வந்தது. அப்பா நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கதாநாயகி பெட்டியும் கையுமாக ஓடிவந்தாள். நல்ல குள்ளம். ஒரு நெட்டை ஆளின் முன்னால் மூச்சிரைக்க நின்று, வண்டி மெட்ராஸ் போகுமா என்று கேட்டாள்.

அந்த ஆளுக்குக் கழுத்து வரைக்கும்தான் இருந்தது. தலை டிவிக்கு மேலே எங்கேயோ போய்விட்டது. "போகாதும்மா" என்றது சட்டை, யாரோ டப்பிங் பேசியவரின் கட்டைக் குரலில்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "அது நான்தான் பாப்பா" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குத் தாங்கவில்லை. முகத்தை வெட்டியவனையும் குரலை மாற்றியவனையும் வரிசையாக நிற்கவைத்து அறைய வேண்டும் போல இருந்தது. அம்மா இப்போது சீட்டுக்கட்டு ராஜா கதையை எடுக்கப்போகிறாள் என்று பயந்தேன்.

அம்மா, "நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சட்டைப் பையின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். உள்ளே போய், அரை மணி நேரம் பீரோவைக் குடைந்து, பழைய ஆல்பத்தோடு வந்தாள். காது குத்திய அன்றைய போட்டோவில், மாமா மடியில் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருக்கிறேன். வெள்ளைத் துணியில் பச்சை இலை போட்ட கவுன். டிவியில் நிற்கும் சட்டையிலும் அதே இலை.

"ரெண்டையும் நான்தான் தைச்சேன். சட்டையில மிஞ்சின துணியில உனக்கு கவுன். அவசரத்துல பையை மட்டும் தலைகீழா வச்சுத் தைச்சுட்டேன். பாரு."

பார்த்தேன். சட்டையெல்லாம் இலை மேல்நோக்கி இருந்தது. பையில் மட்டும் கீழ்நோக்கித் தொங்கியது.

"இவர் பொய் சொல்லலே" என்று அம்மா என்னிடம் சொன்னாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "அன்னைக்கே ஒழுங்கா சொல்லியிருக்கலாம் இல்லே?" என்றாள்.

"நாப்பது வருஷமா சொல்லிட்டுதானே இருக்கேன்!"

"தலையோட சொன்னீங்க. அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொன்னா யாரு நம்புவா?"

அப்பா சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. ஆல்பத்தில் அப்பா இல்லாத அந்தப் போட்டோ எனக்குள்ளும் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அம்மா இன்னும் டிவியைவிட்டு நகரவில்லை. "இது யாரு கை?" என்றாள்.

சட்டையின் கைப்பக்கத்தை ஐந்து விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. வளையல் போட்ட கை.

"டைரக்டர் சொன்னாரும்மா. பதறிப்போன பொண்ணாம், அதனால..."

"நாலு மணி நேரமாவா பதறினா?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"போடு பாப்பா. முதல்லேருந்து போடு" என்றாள் அம்மா. பட்டனை அமுக்கினேன். உங்கள் வாடகைக் காலம் முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது. மணி ஒன்று பதினொன்று. ஆல்பத்தைத் தேடிய நேரத்தையெல்லாம் கடை கழித்துக்கொண்டிருந்தது.

"திரும்ப எடு."

"நக்கோ பாப்பா, நக்கோ. அதான் பாத்தாச்சே" என்றார் அப்பா. அவர் தன் படத்தை வேண்டாமென்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அம்மா தன் நாற்காலியை இழுத்து அப்பாவின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். ஆல்பம் மடியில் திறந்தபடியே இருந்தது. "எடு" என்றாள். எடுத்தேன்.