ஆறாவது ஆளும் மத்தியான லாரியும்

எங்கள் காம்பவுண்டில் எட்டு வாடகை வீடுகள், ஒரு போர்வெல். இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓனரம்மா வந்து, குடியிருக்கும் ஜெபராணியின் வாசலில் நின்று தீர்ப்பு சொன்னார்.

"பிரசவத்துக்கு முன்னால வேற ஊடு பாத்துக்க கண்ணு."

ஜெபராணி திருச்செந்தூர் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் டெய்லர். இரண்டு பிள்ளைகள், பிரசவ ஒத்தாசைக்கு வந்திருக்கும் மாமியார்… ஆக ஐந்து பேர். எட்டாம் மாதம் என்பதால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார். ஆறாவது ஆள் இன்னும் பிறக்கவே இல்லை. அதற்குள் காலி பண்ணச் சொல்லியாயிற்று!

குற்றம்? தண்ணீர் பத்தவில்லையாம். ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம்தான் எங்கள் குழாயில் வரும். அதில்தான் குளியல், துவையல், எல்லாம்.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறவன் என்பதால் காம்பவுண்டில் கொஞ்சம் மரியாதை. ஓனரம்மா என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

"ஏனுங்க தம்பி, நாஞ் சொல்றது தப்புங்களா? இத்தன சனத்த இந்த ஊரு தாங்குமுங்களா? ஆளு பெருகிப் பெருகித்தானுங்க ஆறு கெட்டுது, கெணறு வத்துச்சு. இன்னும் ஒரு உருப்படி கூடுனா தண்ணிக்கு நா எங்கீங்க போவேன்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இதையே டிவி விவாதத்தில் கோட்டு போட்டவர் சொன்னால் தலையாட்ட மாட்டோமா?

ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவருக்கு இந்த ஊரில் யார் வீடு தருவார்கள்? 'எத்தனை பேருங்க?' என்பதுதானே எல்லா கேட்டிலும் முதல் கேள்வி! அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் ஜெபராணி முந்திக்கொண்டார்.

"தண்ணி பத்தலங்கிய. அப்போ தெனமும் மத்தியானம் லாரி எதுக்குக்கா வருது?"

எல்லோரும் ஓனரம்மாவைத் திரும்பிப் பார்த்தோம்.

எந்த லாரி? எங்கள் யாருக்கும் தெரியாது. காலையில் கம்பெனிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிற கூட்டம் நாங்கள். பகலில் ஆள் இருக்கும் ஒரே வீடு, இப்போது ஜெபராணியுடையது. பின்பக்க கேட்டில் பட்டறைப் பெயர் எழுதிய டேங்கர் லாரி நிற்பதையும், எங்கள் போரிலிருந்தே நிரப்பிக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போவதையும் அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வேற ஊடு பார்க்கச் சொன்னது எதற்கென்று இப்போது புரிகிறதா? தண்ணீருக்காக இல்லை, அந்த ஜன்னலுக்காக!

ஓனரம்மா அசரவில்லை. "எம் போரு, எந் தண்ணி. யாருக்கு வேணாலும் ஊத்துவேன்."

"போரு ஒங்களுதுதான்க்கா. அடியில கெடக்க தண்ணிய யாரு ஊத்தி வச்சா?"

ஓனரம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நகர்ந்தார்.

நானும் யோசித்தேன். அந்தச் சாயப்பட்டறையில் நனையும் துணி எங்கே போகிறது? எங்கள் மாதிரி கம்பெனிகளுக்கு. அங்கிருந்து கப்பலேறும் பனியனை எங்கோ ஒருவர் இரண்டு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறியப் போகிறார். பிறக்காத குழந்தையை ஒரு ஆளாக எண்ணுகிறோம். லாரி லாரியாகக் குடிக்கும் பனியனை யாராவது எண்ணுகிறோமா? 'ஜனம் ஜாஸ்தியாயிடுச்சு' என்று அலுத்துக்கொள்பவர் யாரும், அந்த ஜனத்தில் தன்னையும் சேர்த்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் நான் பர்மிஷன் போட்டேன். எதிர்வீட்டு நஜ்மா அக்கா லீவே போட்டுவிட்டார். இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். பின்பக்க கேட்டுக்குக் குறுக்கே பிளாஸ்டிக் சேர் போட்டு, நடுவில் ஜெபராணி. தைரியமாகத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் சேர் கைப்பிடியை அவர் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

லாரி வந்தது. ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

"எவ்வளவு அடிச்சாலும் பட்டுனு எந்திரிக்க முடியாதுண்ணே. டாக்டரம்மா மெதுவாத்தான் எந்திரிக்கச் சொல்லியிருக்காவ."

டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் வண்டி ஓட்டறவனுங்க. நீங்களே பேசிக்கோங்க சாமி" என்று ரிவர்ஸ் எடுத்தார்.

சத்தம் கேட்டு முன்பக்கத்துத் தன் வீட்டிலிருந்து ஓனரம்மா ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது. "அத்தன பேரும் காலி பண்ணுங்க!"

நஜ்மா அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "பண்றமுங்க்கா. எட்டு ஊடும் ஒண்ணாவே போறமுங்க. அவள மட்டும் தனியா அனுப்ப மாட்டமுங்க."

எட்டு வீடும் ஒரே நாளில் காலியா? ஓனரம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரும் தலை குனியவில்லை. அவர்தான் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும்! காலி பண்ணும் பேச்சு அதன் பிறகு எழவில்லை. ஓனரம்மா எங்களோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

லாரி இப்போது பக்கத்துத் தெருவுக்குப் போகிறதாம். அந்தத் தெருவில் மட்டும் பகலில் ஒரு ஜன்னல் திறந்திருக்காதா என்ன?