மணி மென்ற நீலத் தோல்

செல்போன் வந்த புதிதில், ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். எங்கள் நாய் மணிக்கு வாய் நாறியது. பல் சுத்தமாக, நாய் மெல்வதற்கென்றே எலும்பு வடிவில் செய்த தோலை வேலூர்க் கடையில் காட்டினார்கள்.

"இது வெறும் தோலுதானே? எங்க கம்பெனில கொட்டிக் கெடக்குது" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

மறுநாள், பதனிடும் குரோம் மருந்தில் ஊறி நீலமாகிப்போன தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். மணி ஆசையாக மென்றது. விடிந்தால் வாசலெங்கும் நீல வாந்தி, நடுவே ரத்தச் சளி. அள்ளிக் கொட்டிவிட்டு மணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கால்நடை டாக்டர் கேட்டார்: "அந்த நீலத் தோலைத் தொட்ட கையோட நீங்க சோறு துன்னுவீங்களா?"

மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்காதவன் நான்.

மணி பிழைத்துக்கொண்டது. அதன்பிறகும் நான் கையை நீட்டினால், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே வாயைத் திறக்கும். அப்போதெல்லாம் என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கும்.